‘ஜவான்’ வைத்த கெடுவும் சட்டம் வைத்திருக்கும் கெடுவும்

சுகாதார அமைச்சரைக் கடத்தி வந்து, அரசு மருத்துவமனைகளைச் சில மணி நேரத்துக்குள் சரிசெய்யச் சொல்லிக் கெடு வைக்கிறான் கதாநாயகன். ஆண்டுக்கணக்கில் நடக்காத வேலை, கெடு முடிவதற்குள் நடந்துவிடுகிறது. 2023 செப்டம்பர் 7 அன்று வெளியான ‘ஜவான்’ இந்திப் படத்தில் மிகவும் பேசப்பட்ட பகுதிகளில் இது ஒன்று. உலகெங்கும் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த அந்தப் படத்துக்காக 2025 ஆகஸ்டில் ஷாருக் கானுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டதும் (விக்ராந்த் மாஸியுடன் பகிர்ந்துகொண்ட விருது) படம் மறுபடியும் பேச்சுக்கு வந்தது.

படம் பார்த்தவர்களுக்கு மூன்று குழப்பங்கள் எழுவது இயல்பு.

1. படத்தில் காட்டப்படும் ஊழல்களுக்கு நிஜத்தில் ஆதாரம் உண்டா?
2. உண்டென்றால், சட்டம் ஏன் அந்த வேகத்தில் இயங்கவில்லை?
3. நாயகன் செய்ததை நிஜத்தில் ஒருவர் செய்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விகளில் நம் ஊரில் குறைவாகப் பேசப்படுவது இரண்டாவது. இந்தக் கட்டுரையும் அதிலேதான் அதிக நேரம் நிற்கும்.

கதை என்ன கேட்கிறது?

பெண்கள் சிறை ஒன்றின் அதிகாரி ஆசாத். சிறையில் இருக்கும் ஆறு பெண்களோடு சேர்ந்து மும்பை மெட்ரோ ரயிலைக் கடத்துகிறான். அவன் கேட்கும் தொகை 40,000 கோடி ரூபாய். அதைக் கொடுப்பவர் ஆயுத வியாபாரி காளி. அவருடைய மகளும் அந்த ரயிலில் இருக்கிறாள். பணம் கடனில் மூழ்கிய விவசாயிகளின் கணக்குகளுக்குப் போகிறது. அடுத்து அமைச்சர் கடத்தல். அதற்கும் அடுத்து, வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கைப்பற்றி, மக்களைப் பார்த்து ஓர் உரை: உங்கள் விரலில் மை வைக்கும் முன், வாக்குக் கேட்டு வருபவரிடம் கேள்வி கேளுங்கள் என்கிறான்.

படம் இந்திதான். ஆனால் இந்தக் கதைமரபு தமிழிலிருந்து இந்திக்குப் பலமுறை பயணம் செய்திருக்கிறது. 1999இல் வந்த ‘முதல்வன்’ 2001இல் ‘நாயக்’ ஆனது. 2002இன் ‘ரமணா’ 2015இல் ‘கப்பர் இஸ் பேக்’ ஆனது. ‘ஜவான்’ படத்தின் இயக்குநர் அட்லி, ஷங்கரிடம் உதவி இயக்குநராக இருந்தவர். நயன்தாரா, விஜய் சேதுபதி, அனிருத் என்று படத்தின் முக்கியப் பொறுப்புகளிலும் நம்மவர்களே நிறைந்திருந்தார்கள்.

நிஜம் (1): கடன்

பெரிய முதலாளியின் கடன் தள்ளுபடி ஆகிறது, விவசாயியின் டிராக்டர் ஜப்தி ஆகிறது என்கிறது படம். இதில் பாதி விளக்கம் தேவைப்படுகிறது.

வங்கி ஒரு கடனை வராது என்று முடிவுசெய்து தன் இருப்புநிலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது ஒரு நடைமுறை. அப்போதும் கடன் வாங்கியவர் கடன்காரர்தான். வசூல் முயற்சி தொடரலாம். கடனையே ரத்துசெய்வது வேறு. அங்கே கடன்காரரின் பொறுப்பு முடிந்துபோகிறது. பெருநிறுவனங்களுக்கு நடப்பது பெரும்பாலும் முதல் வகை. விவசாயக் கடன் தள்ளுபடி இரண்டாம் வகை.

ஆனால் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த பதிலின்படி, 2014-15 முதல் 2022-23 வரை வணிக வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய கடன் சுமார் 14.56 லட்சம் கோடி ரூபாய். அதில் பெருந்தொழில், சேவை நிறுவனங்களின் பங்கு 7.40 லட்சம் கோடி. இவ்வாறு நீக்கப்பட்ட கடன்களில் திரும்ப வசூலானது சுமார் 2.04 லட்சம் கோடி. ஏழு ரூபாயைக் கணக்கிலிருந்து நீக்கினால் ஒரு ரூபாய் திரும்புகிறது. தாளில் உயிரோடு இருக்கும் கடன் நடைமுறையில் எப்படி முடிகிறது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

விவசாயிகள் பக்கமும் படம் காட்டும் அளவுக்கு எளிதாக இல்லை. 2008இல் மத்திய அரசு அறிவித்த பெரும் கடன் தள்ளுபடியைத் தணிக்கை செய்த சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்), 2013 அறிக்கையில், சோதித்த 90,576 கணக்குகளில் 20,206இல் குறைபாடு இருந்ததாகச் சொன்னது. தகுதி உள்ளவர் விடுபட்டார். தகுதி இல்லாதவர் பயன் பெற்றார். பணம் கணக்கில் விழுந்ததும் கதை சுபமாக முடிவது திரையில் மட்டும்தான்.

நிஜம் (2): ஆக்சிஜன்

மூளை அழற்சிக் காய்ச்சலால் துடிக்கும் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் இல்லாமல் போவதும், காப்பாற்ற ஓடிய மருத்துவரே சிறைக்குப் போவதும் படத்தில் வருகின்றன. பார்த்தவுடன் நினைவுக்கு வருவது உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர். 2017 ஆகஸ்டில் அங்குள்ள பிஆர்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு வாரத்துக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. திரவ ஆக்சிஜன் வழங்கிய நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கி ஏறக்குறைய 68 லட்சம் ரூபாய்; அதற்காக விநியோகம் நிறுத்தப்பட்டிருந்தது. மரணங்களுக்கு ஆக்சிஜன் பற்றாக்குறை காரணம் இல்லை என்று மாநில அரசு மறுத்தது. குழந்தைகள் பிரிவு மருத்துவர் ஒருவர் கைதாகி, ஏழு மாதங்களுக்கும் மேல் சிறையில் இருந்த பிறகு 2018 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் பெற்றார்.

இந்த நிகழ்வில் பெட்டி நிறைய லஞ்சப் பணத்தோடு நிற்கும் வில்லன் தேவையே இல்லை. பாக்கி இருக்கிறது என்ற கடிதத்தின் மேல் குறித்த நேரத்தில் ஒருவர் கையெழுத்திடவில்லை. அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. படம் கெடு வைக்கும் காட்சிக்கு மக்கள் மனம் இளகுவதற்கான காரணம் இங்கே இருக்கிறது. அந்தக் கைதட்டலில் துப்பாக்கிக்குக் கிடைத்த பங்கு குறைவு என்றே நினைக்கிறேன். ‘இத்தனை மணிக்குள்’ என்று அதிகாரத்தில் இருப்பவரிடம் ஒருவன் சொன்னானே, அதற்குத்தான் பெரும்பங்கு.

சட்டம் எந்த இடத்தில் நிற்கிறது?

பொது ஊழியரின் ஊழலைத் தண்டிக்கும் முதன்மைச் சட்டம் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம். 2018இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., அதிகாரி எல்லோரும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். ஓர் அமைச்சர் மீது புகார் எழுந்தால் அது கடக்க வேண்டிய படிகள் இவை:

1. விசாரணை தொடங்க முன் ஒப்புதல் (பிரிவு 17ஏ). பதவிக் கடமையில் எடுத்த முடிவு அல்லது செய்த பரிந்துரை பற்றிய புகார் என்றால், உரிய அதிகார அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் போலீஸ் ஆரம்பக்கட்ட விசாரணையைக்கூடத் தொடங்க முடியாது. லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிப்பதற்கு மட்டும் விலக்கு.
2. சிபிஐ விசாரிக்க வேண்டுமானால் மாநில அரசின் இசைவு. சிபிஐ இயங்குவது 1946ஆம் ஆண்டின் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தின் கீழ். பொது இசைவைத் திரும்பப் பெற்ற மாநிலங்கள் பல; தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றது.
3. வழக்குத் தொடர அனுமதி (பிரிவு 19). விசாரணை முடிந்து ஆதாரம் கிடைத்த பிறகும், இந்த அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க முடியாது.
4. விசாரணை நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம்.

நேர்மையான அதிகாரி பொய்ப் புகாருக்கு அஞ்சி முடிவெடுக்காமல் ஒதுங்கிவிடக் கூடாது என்பது இந்த அனுமதிகளுக்குச் சொல்லப்படும் காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அனுமதி தர வேண்டியவர் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவரின் அரசாங்கமே. மத்தியப் பிரதேசத்தில் இரண்டு அமைச்சர்கள் மீது வழக்குத் தொடர அமைச்சரவை அனுமதி மறுத்தது. ஆளுநர் தம் பொறுப்பில் அனுமதி தந்தார். அவர் செய்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. சக அமைச்சர்கள் நடுநிலையாக முடிவெடுப்பார்கள் என்று எல்லா நேரத்திலும் நம்ப முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

இடிக்க இடிக்க எழுந்த சுவர்

முன் ஒப்புதல் என்ற இந்தச் சுவரின் வரலாறு கவனமாகப் படிக்க வேண்டியது.

உயர் அதிகாரிகளை விசாரிக்க அரசின் அனுமதி தேவை என்று ஒரு நிர்வாக உத்தரவு இருந்தது. ஹவாலா வழக்கின் தொடர்ச்சியாக வந்த வினீத் நாராயண் தீர்ப்பில், 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2003இல் நாடாளுமன்றம் அதே ஏற்பாட்டைச் சட்டப் பிரிவாகவே கொண்டுவந்தது. இணைச் செயலர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. 2014 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதையும் தகர்த்தது. ஊழல் செய்தவர்களைப் பெரிய அதிகாரி, சிறிய அதிகாரி என்று பிரிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்றது. நான்கே ஆண்டுகளில், 2018 ஜூலையில், பிரிவு 17ஏ வந்தது. பாகுபாடு என்ற குறை போய்விட்டது: இப்போது எல்லா நிலையினருக்கும் பாதுகாப்பு.

எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தச் சுவரைக் கட்டுவதில் கருத்து வேறுபாடு எழவில்லை. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

கெடு எழுதப்பட்டிருக்கிறது, மீறினால் என்ன?

‘ஜவான்’ நாயகன் வைக்கும் கெடுவுக்குச் சமமான கெடு நம் சட்டத்திலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

1. பிரிவு 17ஏ: ஒப்புதல் பற்றிய முடிவை 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; காரணம் எழுதி இன்னும் 1 மாதம் நீட்டிக்கலாம்.
2. பிரிவு 19: வழக்குத் தொடர அனுமதிக்கும் அதே 3 மாதம், கூடுதலாக 1 மாதம்.
3. பிரிவு 4: வழக்கு விசாரணையை 2 ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் பொதுவாக 4 ஆண்டைத் தாண்டக் கூடாது.

இனி அடுத்த கேள்வி. நான்கு மாதம் கடந்தும் அனுமதி தர வேண்டியவர் வாய் திறக்கவில்லை என்றால்? சட்டம் அதற்கு விடை சொல்லவில்லை. 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரத்தில் அன்றைய அமைச்சர் மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டு 2008 நவம்பரில் பிரதமருக்கு அனுப்பப்பட்ட மனுவுக்கு, 2010 மார்ச்சில்தான் பதில் போனது. அது தொடர்பான தீர்ப்பில், 2012 ஜனவரியில், நீதிபதி ஏ.கே. கங்குலி ஓர் ஆலோசனை சொன்னார்: கெடு முடிந்தும் முடிவு வரவில்லை என்றால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். 2018இல் சட்டத்தைத் திருத்தியபோது மாதக் கணக்கு மட்டும் உள்ளே வந்தது. அந்த ஆலோசனை வெளியே நின்றது.

2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் தெளிவாக்கியது. பிரிவு 19இன் கெடு கட்டாயமானது, மீறும் அதிகாரி பதில் சொல்ல வேண்டியவர் என்றது. ஆனால் கெடு கடந்ததால் அனுமதி தானாகக் கிடைத்துவிடாது. வழக்கும் தானாக ரத்தாகாது. நடைமுறையில், கோப்பை மேசையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பவருக்கு இன்றும் எந்த இழப்பும் இல்லை.

பதினேழு ஆண்டுகள்

தாமதம் எப்படி இருக்கும் என்பதை ஒரு வழக்கில் வைத்துப் பார்க்கலாம். பிகாரில் கால்நடைத் தீவனம் வாங்கியதாகப் போலி ரசீதுகள் போட்டுக் கருவூலங்களிலிருந்து பணம் எடுக்கப்பட்டது 1996 ஜனவரியில் சாய்பாசாவில் அம்பலமானது. அதே ஆண்டு பாட்னா உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 1997இல் ஆளுநர் அனுமதி தந்தார், குற்றப்பத்திரிகை வந்தது, முதல்வர் லாலு பிரசாத் பதவி விலகினார், அவர் மனைவி முதல்வரானார். சாய்பாசா கருவூலத்திலிருந்து சுமார் 37.7 கோடி ரூபாய் எடுக்கப்பட்ட வழக்கில் குற்றவாளி என்ற தீர்ப்பு வந்தது 2013 செப்டம்பர் 30 அன்று; அக்டோபர் 3 அன்று ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 2004 முதல் 2009 வரை, அவர் நாட்டின் ரயில்வே அமைச்சர்.

அதே 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கின் தீர்ப்பு வந்திருந்ததால்தான் அவருடைய எம்.பி. பதவி உடனே பறிபோனது. அதற்கு முன்பு, மேல்முறையீடு செய்துவிட்டால் பதவியில் நீடிக்கச் சட்டம் இடம் கொடுத்தது.

உயர் பதவியில் இருப்பவர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பான லோக்பாலும் இதே கதைதான். முதல் மசோதா 1968இல். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரியில். முதல் லோக்பால் நியமிக்கப்பட்டது 2019 மார்ச்சில்.

கடத்திப் பெற்ற பணம் என்ன ஆகும்?

மூன்றாவது கேள்விக்கு வருவோம். படம் வெளியான காலத்தில் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 364ஏ பிரிவு, ஒருவரைக் கடத்தி வைத்துக்கொண்டு, கொல்வதாக மிரட்டி, அரசையோ வேறு யாரையோ ஒன்றைச் செய்யக் கட்டாயப்படுத்துவதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கிறது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 140(2). ஆசாத்தின் செயல் இந்தப் பிரிவுக்குள் அப்படியே பொருந்துகிறது.

அதைவிடக் கொடுமையான விளைவு விவசாயிக்கு. மிரட்டிப் பறித்த சொத்து சட்டத்தின் பார்வையில் திருட்டுச் சொத்து. அது போய்ச் சேர்ந்த கணக்கைப் போலீஸ் முடக்கலாம். இந்தக் குற்றம் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருப்பதால் அமலாக்கத்துறையும் நுழையலாம். கடன் தீர்ந்தது என்று மூச்சுவிட்ட குடும்பம், தான் செய்யாத குற்றத்தின் பணத்துக்காக அலுவலகப் படியேற வேண்டிவரும்.

மிரட்டி வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே குற்றம் செய்த அமைச்சர்கூட, ‘உயிருக்குப் பயந்து சொன்னேன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம்.

நிஜத்தில் துப்பாக்கி யார் பக்கம் திரும்பியது?

திரையில் வில்லன் குற்றவாளி என்பது பார்வையாளருக்குத் தெரியும், கேமரா காட்டிவிடுகிறது. நிஜத்தில் அந்த வசதி யாருக்கும் இல்லை. 2ஜி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் குற்றவாளிகளே என்று நாடே பேசிய காலம் இருந்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. சிபிஐயின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024இல் விசாரணைக்கு ஏற்றது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று வாதாட இன்றும் இடம் இருக்கிறது. ஒரு தோட்டா பாய்ந்திருந்தால் அந்த இடம் இருந்திருக்காது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் நீதிமன்றத்தைத் தாண்டிய ‘உடனடி நீதி’ நிகழ்ந்த இடங்களில் அமைச்சரோ ஆயுத வியாபாரியோ பிணைக்கைதியாக நின்றதில்லை.

பிகாரின் பாகல்பூரில் 1979-80இல் போலீஸார் முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் கண்களைக் குத்தி அமிலம் ஊற்றினர். அவர்களில் பலர் விசாரணைக் கைதிகள். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்கள். 1980 நவம்பரில் செய்தி வெளியானபோது, நடவடிக்கைக்கு ஆளான போலீஸாருக்கு ஆதரவாக ஊர் மக்கள் ஊர்வலம் போனார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஏழைக் கைதிக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் தர வேண்டியது கடமை என்று அந்த வழக்கில் வலியுறுத்தியது.

ஹைதராபாத் அருகே 2019 டிசம்பர் 6 அதிகாலையில், பெண் மருத்துவர் ஒருவரின் கொலையில் கைதான நான்கு பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். போலீஸார் மேல் பூமாரி பொழிந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானது: தற்காப்பு என்ற போலீஸாரின் கூற்றை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டனர், கொல்லப்பட்டவர்களில் மூவர் சிறார்கள். வழக்கு நடந்திருந்தால் உண்மையான குற்றவாளி யார் என்று நாட்டுக்குத் தெரிந்திருக்கும். அந்த மருத்துவரின் பெற்றோருக்கும் தெரிந்திருக்கும். இனித் தெரிய வழியில்லை.

தாமதத்தின் மேல் எழும் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குப் பலியாவது மட்டும் எப்போதும் எளியவனாக இருக்கிறான்.

வாக்காளர் கேட்கக்கூடியது

படத்தின் இறுதி உரை சொல்வதுபோல் கேள்வி கேட்கக் கருவிகள் இருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளால், வேட்பாளர் தம் மீதான குற்ற வழக்குகளையும் சொத்து, கடன் விவரங்களையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவித்தாக வேண்டும். அதைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். அந்தப் பத்திரங்களை ஆராய்ந்த ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் கணக்கில், குற்ற வழக்குகள் இருப்பதாகத் தாங்களே தெரிவித்த மக்களவை உறுப்பினர்கள் 2009இல் 162 பேர், 2014இல் 185, 2019இல் 233, 2024இல் 251. தகவல் தெரிகிறது, எண்ணிக்கை ஏறுகிறது. ஆகவே ‘நல்லவருக்கு வாக்களியுங்கள்’ என்ற பொதுவான அறிவுரை போதவில்லை. கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். வாக்குக் கேட்டு வரும் எம்.பி. வேட்பாளரிடம் இவற்றைக் கேட்கலாம்:

1. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ, 19 பிரிவுகளில், நான்கு மாதம் முடிந்தும் முடிவு வரவில்லை என்றால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்ற வரியைச் சேர்க்க ஆதரவு தருவீர்களா?
2. அனுமதி மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் வெளியிடக் கட்டாயப்படுத்துவீர்களா?
3. அமைச்சர்கள் விஷயத்தில் அனுமதி தரும் அதிகாரத்தை அவர்களுடைய சகாக்களிடமிருந்து எடுத்து, லோக்பால் போன்ற தனி அமைப்பிடம் கொடுக்கச் சம்மதமா?

மூன்றில் முதலாவது கிடைத்தாலே, கோப்பின் மேல் உட்கார்ந்திருப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு போய்விடும். அதற்கு அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டியதில்லை. இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதும்.